வலையமைப்புக்கு ஒரு காவல்

கந்தோரொன்றின் கணினிகளை இணைக்கும் வலையமைப்பு ஒழுங்காக இயங்கும்வரை அதனை நினைப்பார் எவருமிலர். வைத்தியசாலையின் மருந்துப் பகுதியிலே நோயாளரின் பதிவு திரையில் தோன்றாதபொழுதே, எந்த இணைப்பு அறுந்தது, எந்தச் சேர்வரின் வட்டு நிரம்பியது என்ற தேடல் தொடங்கும். வட்டோ பெரும்பாலும் பல வாரங்களாக நிரம்பிவந்திருக்கும். பார்ப்பார் இல்லாமையால் தெரியாது போயிற்று. அவ்வாறு பார்த்திருந்து முன்கூட்டியே அறிவித்தற்கென அமைந்தவை வலையமைப்புக் கண்காணிப்பு மென்பொருள்கள். அவற்றுள் திறந்த மூல மென்பொருளொன்றை நிறுவனம் தெரிந்தெடுப்பது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இவற்றின் தொழில் எளிது. 1983ஆம் ஆண்டில் மைக் மூஸ் என்னும் அமெரிக்கர் 'பிங்' என்ற சிறு நிரலை எழுதினார். தொலைவிலுள்ள கணினிக்கு ஒரு செய்தியை விடுத்து, மறுமொழி வருகின்றதா என்று பார்ப்பதே அதன் வேலை. கடலடியில் நீர்மூழ்கிகளைத் தேடும் சோனார்க் கருவியின் ஒலியே அப்பெயருக்குக் காரணம். 1988இல் வகுக்கப்பட்ட எஸ்.என்.எம்.பி. என்னும் நெறிமுறை இன்னும் ஒரு படி சென்று, எவ்வளவு தரவு கடந்தது, எந்த இணைப்பு மூடிக்கிடக்கின்றது என்று கருவிகளையே வினவ வழிசெய்தது. இன்றைய மென்பொருள்களும் பெரும்பாலும் இத்தகைய வினாக்களையே சில நிமிடங்களுக்கு ஒருமுறை கேட்டு, விடைகளைக் குறித்துவைத்து, வரம்பு மீறியவிடத்துப் பொறுப்பாளரை அழைக்கின்றன.

திறந்த மூலம் என்றதும் பலர் நினைவில் எழுவது இலவசம் என்ற சொல். அதனினும் பெரிய பயன் ஒன்றுண்டு. ஈதன் கால்ஸ்டாட் என்பார் 1999இல் வெளியிட்டுப் பின்னர் நாகியோஸ் எனப் பெயர் மாற்றிய மென்பொருள் உலகெங்கும் பரவியது. அதன் வளர்ச்சி மந்தமாயிற்றென்று குறைபட்ட சிலர், 2009இல் அதே மூல நிரலைக் கொண்டு ஐசிங்காவைத் தொடங்கினர். அப்சேர்வியத்திலிருந்து லிப்ரே என்.எம்.எஸ். 2013இல் பிரிந்ததும் இவ்வாறே. மூலம் மூடிய பொருளாயின், ஆக்கியோன் கைவிட்டால் வாங்கியவனும் கைவிடப்படுவான் அன்றோ!

எதனைத் தெரிவது? லத்வியாவின் அலெக்சி விளாடிஷேவ் தொடங்கி, 2001இல் பொதுவில் வெளிவந்த ஸபிக்ஸ், சேகரிப்பும் வரைபடமும் எச்சரிக்கையும் ஒரே இடத்தில் அமையப்பெற்றது. நாகியோஸின் அமைப்பைக் கோப்புகளில் எழுதவேண்டும். பழகியவர்க்கு அது வசதி, புதியவர்க்குச் சுமை. சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் 2012இல் பிறந்த புரோமிதியஸ், நொடிக்கு நொடி தோன்றி மறையும் பெருஞ்சேவைகளுக்கு உகந்தது. நாற்பது சுவிச்சுகளும் பத்துச் சேர்வர்களும் உள்ள கந்தோருக்கு அதனை அமைப்பது, கிணற்று நீருக்கு அணை கட்டுவதை ஒக்கும். அத்தகைய இடத்துக்கு ஸபிக்ஸோ லிப்ரே என்.எம்.எஸ்.ஸோ போதும்.

ஆயினும் வசதிகளின் பட்டியலை ஒப்பிட்டு மட்டும் முடிவுசெய்வது தவறு. கூர்ந்து பார்க்கவேண்டியது எச்சரிக்கை எழும் முறையை. ஒரு ரவுட்டர் நின்றால் அதன் பின்னுள்ள நாற்பது சுவிச்சுகளும் மறுமொழி தாரா. எது எதனைச் சார்ந்தது என்று அறியாத மென்பொருள், ஒரு பழுதுக்கு நாற்பத்தொரு செய்திகளை நள்ளிரவில் அனுப்பும். இரண்டு கிழமைக்குள் பொறுப்பாளர் தொலைபேசியின் ஒலியை அடக்கிவிடுவார். அதன்பின் காவல் இருந்தும் இல்லாததே. நாகியோஸும் ஸபிக்ஸும் இச்சார்பைக் குறிக்க இடந்தருகின்றன. ஆனால் ஒருவர் உட்கார்ந்து அதனை எழுதவேண்டும். ஒரு முறை மறுமொழி தவறியதும் அழைப்பதா, மூன்று முறை தவறிய பின்னா என்பதையும் அவரே தீர்மானிக்கவேண்டும்.

கணக்கிலும் ஒரு பொறி உண்டு. பழைய 32 பிட் எண்ணி, நொடிக்கு ஒரு கிகாபிட் வீதம் நிரம்பியோடும் இணைப்பில் ஏறத்தாழ 34 நொடியில் நிறைந்து மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பவருக்குக் கிடைக்கும் தொகை பொய்யாகும். 64 பிட் எண்ணியையே கேட்கச் செய்தல் வேண்டும்.

காவற்காரனிடம் எல்லா அறைகளின் திறப்பும் இருக்கும். எஸ்.என்.எம்.பி.யின் முதலிரு பதிப்புகளில் கடவுச்சொல் மறைக்கப்படாமலே செல்கின்றது. மூன்றாம் பதிப்பில் மறையாக்கம் செய்யலாம். காக்டி என்னும் கண்காணிப்பு மென்பொருளில், கடவுச்சொல் இன்றியே அந்நியர் கட்டளையிடக்கூடிய பழுதொன்று 2022இல் வெளிப்பட்டது. ஆதலின் கண்காணிப்புச் சேர்வரை வெளி இணையத்துக்குத் திறந்துவைத்தல் ஆகாது. திருத்தங்களைத் தவறாது இடுதற்கு ஓர் ஆளும், அவர் விடுமுறையிற் சென்றால் மற்றோர் ஆளும் வேண்டும். இலவச மென்பொருளின் செலவு இவ்விருவரின் நேரமே. இருவர் இல்லாத நிறுவனம், எத்துணைச் சிறந்த மென்பொருளாயினும் நிறுவாதிருப்பது நன்று.

இனி, இரண்டு மென்பொருள்களை ஐந்து கருவிகளில் மட்டும் ஒரு மாதம் ஓடவிடலாம். முன்னறிவித்த ஒரு நேரத்தில் இணைய இணைப்பின் கம்பியைக் கழற்றி, செய்தி எத்தனை நிமிடத்தில், யாருக்கு, எந்த வழியாக வருகின்றது என்று குறித்துக்கொள்க. மின்னஞ்சல் வழியாகவே எச்சரிக்கை அமைத்திருந்தால், அறுந்த அந்தக் கம்பியின் வழியே அது வெளிச்செல்லமாட்டாது. கைத்தொலைபேசி மோடம் ஒன்று தேவை என்பது அப்பொழுதே விளங்கும்.