சமயபுரம் மொட்டை

முதல் கீமோ ஏறிய 17-ம் நாள், சித்தியின் தலையணை முழுக்க முடி. அடுத்த வாரம் சித்தப்பா முடிதிருத்துபவரை வீட்டுக்கே அழைத்துவந்து மழிக்கச் சொல்லிவிட்டார். எதிர்வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "என்னக்கா இது?" என்றார். "சமயபுரத்துக்கு வேண்டுதல்" என்றாள் சித்தி. "பிரசாதம் எங்கே?" என்று அந்த அக்கா விடாமல் கேட்க, சித்தி கண்ணிமைக்காமல் உள்ளே போய், சாமி மாடத்துக் குங்குமத்தைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

பொய் சொல்வதில் அதற்குள் வீடே தேறியிருந்தது. மார்பில் இருந்த கட்டியைக் காட்டப் போன இடத்தில், மருத்துவர் சித்தியை வெளியே உட்காரவைத்துவிட்டு சித்தப்பாவிடம்தான் விஷயத்தைச் சொன்னார். "சாதாரணக் கட்டிதான், எடுத்துட்டா சரியாயிடும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார் சித்தப்பா. அவர் தலைக்கு மேலே 'புற்றுநோய் சிகிச்சைப் பிரிவு' என்று பலகை தொங்கியது. சித்தி பத்தாவது வரை படித்தவள். "எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவர் உடைஞ்சிடுவாருன்னு வாயைத் திறக்கல" என்றாள் பிற்பாடு. அவள் அழுவதற்குக் கொல்லைக் குழாயடி, அவருக்கு ஆற்றங்கரை.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ஒரே வார்த்தையைக் கொண்டுவந்தார்கள்: "தைரியமா இரு." நானும் சொன்னேன். நல்ல மனசோடுதான் சொல்கிறோம். ஆனால் அதைக் கேட்ட பிறகு, 'பயமா இருக்கு' என்று எந்தப் பெண் வாய் திறப்பாள்? இன்னொரு பக்கம், சித்தியின் மாமியார் சத்தமில்லாமல் அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் எடுத்துவைத்துவிட்டார். புற்றுநோய் ஒட்டுவாரொட்டி இல்லை என்று அந்தக் கிழவிக்குச் சொல்ல அப்போது யாரும் இல்லை.

இந்த வாயடைப்பு நம் ஊரோடு நிற்பதில்லை. 1952-ல் நியூயார்க்கில் டெரீஸ் லாஸர் என்ற பெண்ணுக்கு மார்பை அகற்றினார்கள். கையை எப்போது தூக்கலாம், ரவிக்கைக்குள் எதை வைப்பது, கணவரோடு எப்படி இருப்பது என்று அவருக்குக் கேட்க ஆயிரம் இருந்தன. பதில் சொல்லத்தான் ஆளில்லை. அதனால் அவரே மற்ற பெண்களின் கட்டிலருகே போய் உட்கார ஆரம்பித்தார். கைப் பயிற்சிக்குப் பந்தும் கயிறும் கொண்டுபோவார். 'நடுவில் இந்தம்மா யார்' என்று முகம் சுளித்த மருத்துவர்கள் உண்டு. அவர் தொடங்கிய 'ரீச் டு ரெக்கவரி' திட்டத்தை 1969-ல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமே ஏற்று நடத்த முன்வந்தது.

1977-ல் அதே நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் மனநலப் பிரிவின் பொறுப்புக்கு வந்தவர் ஜிம்மி ஹாலண்ட். 'மனநோய்' என்றாலே ஆட்கள் ஓடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதனால் 'மனவேதனை' என்ற எளிய சொல்லைப் பிடித்துக்கொண்டார். வலிக்கு மார்க் போடச் சொல்வதுபோல, இந்த வாரம் உங்கள் வேதனை 0-விலிருந்து 10-க்குள் எவ்வளவு என்று கேட்கிற தாள் அப்படி வந்ததுதான். 4-ஓ அதற்கு மேலோ என்றால் உட்கார்ந்து பேச வேண்டும். பணம், பிள்ளைகள், போக்குவரத்து, தூக்கம் என்று நோயாளியை அரிப்பது எதுவோ, அதைக் குறிக்கவும் அந்தத் தாளில் இடம் உண்டு.

சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்தில் இன்று இதற்கென்றே உளவியல் துறை இருக்கிறது. ஆனால் 2022-ல் மட்டும் இந்தியாவில் சுமார் 1.92 லட்சம் பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய்; ஒரு துறை எத்தனை பேருக்கு எட்டும்? அக்டோபர் வந்தால் கட்டடங்களுக்கெல்லாம் இளஞ்சிவப்பு விளக்கு போடுகிறோம். அந்தக் கரன்ட் காசில் நாலு ஆலோசகர்களுக்குச் சம்பளம் போட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

சித்தியின் வாயை முதன்முதலாகக் கிண்டியவர், பிறகு நாங்கள் மாறிப்போன வேறொரு மருத்துவமனையின் ஆலோசகர். முப்பது வயதுகூட இராத பெண். நோயைப் பற்றி எடுக்கவே இல்லை. "ராத்திரி தூக்கம் வருதாம்மா?" என்றார், அவ்வளவுதான். அரை மணி நேரம் கொட்டித் தீர்த்தாள் சித்தி. நான் எதிர்பார்த்ததுபோல் சாவைப் பற்றி இல்லை, ரவிக்கையைப் பற்றி. டெய்லரிடம் அளவு கொடுக்கப் போய் ஒரு வருஷம் ஆகிறது. விளக்கை அணைத்துவிட்டுத்தான் புடவை மாற்றுகிறாள். சித்தப்பா கூடத்தில் படுக்க ஆரம்பித்துவிட்டார். "அருவருப்பா இருக்கும் போல."

அந்தப் பெண் மேஜையிலிருந்து சிலிக்கோன் மார்பு ஒன்றை எடுத்துச் சித்தியின் உள்ளங்கையில் வைத்தார். சித்தி அதை வெங்காயம் நிறுத்துப் பார்ப்பதுபோல் பார்த்தாள். ஒரு பக்கம் கனம் குறைந்தால் தோளும் முதுகும் கோணிக்கொள்ளும். அதனால் இது அழகுக்காக மட்டும் இல்லை என்று விளக்கினார். காயம் ஆறும்வரை பஞ்சு அடைத்தது போதும், ரவிக்கையின் உள்பக்கம் ஒரு பை தைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். பிறகு சித்தப்பாவைத் தனியாக உட்காரவைத்துப் பேசினார். தெரியாத்தனமாகக் கை பட்டால் அவளுக்கு வலிக்குமோ என்ற பயத்தில்தான் கூடத்துக்குப் போனாராம். எங்கள் யாருக்கும் இதை அவரிடம் கேட்கத் தோன்றவில்லை.

சிகிச்சை முடிந்த அன்று பாயசம் வைத்தோம். அப்புறம்தான் சித்தி சுருண்டுபோனாள். மருத்துவமனைக்கு அலைந்தவரை செய்ய ஏதோ ஒன்று இருந்தது. இப்போது காத்திருப்பு மட்டும். தினமும் ஒரு டாமாக்ஸிஃபென் மாத்திரை, திடீர் திடீரென்று உடம்பெல்லாம் அனல், பரிசோதனைத் தேதி நெருங்கினால் சோறு இறங்காது. 'அதான் சரியாயிடுச்சே' என்று வீடு தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டிருந்தது. ஆலோசனை தேவைப்பட்டது அப்போதுதான் அதிகம். நடுராத்திரியில் மனசு அடித்துக்கொண்டால் அழைக்க 14416 என்ற அரசின் இலவச மனநல எண் இப்போது இருக்கிறது. தமிழிலேயே பேசலாம்.

முடி திரும்ப வந்தபோது சுருட்டையாக வந்தது. கீமோவுக்குப் பின் சிலருக்கு அப்படி வருவதுண்டாம். எதிர்வீட்டு அக்கா, "சமயபுரத்தாள் சுருட்டை முடி குடுத்திருக்கா" என்று தலையைத் தடவினார். சித்தி அவர் கையைப் பிடித்துத் திண்ணையில் உட்காரவைத்து, கட்டியிலிருந்து ரவிக்கைப் பை வரை எல்லாவற்றையும் சொன்னாள். அந்த அக்கா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்:

"அப்ப அந்தக் குங்குமம்?"

"அதுவா? தேரடிக் கடையில வாங்கினது."