கோட்டை உள்பக்கம் திருப்பிப் பாருங்க: பழைய ஜெர்மன் சீருடைகள் பற்றிச் சில குறிப்புகள்

பழைய ஜெர்மன் ராணுவக் கோட்டு ஒன்றை அனுபவமுள்ள சேகரிப்பாளர் கையில் கொடுத்தா முதல்ல என்ன செய்வார் தெரியுமா? காலரையோ கழுகுச் சின்னத்தையோ பார்க்க மாட்டார். உள்பக்கம் வெளியே வரும்படி கோட்டைத் திருப்பிப் போட்டு, விளக்கடியில் வைத்து உள்துணியைத் தடவுவார். விஷயமெல்லாம் அங்கேதான் இருக்கு.

இரண்டாம் உலகப் போர்க்கால வேர்மாக்ட் சிப்பாயின் கோட்டுக்குள் மையில் குத்திய ஐந்து எண்கள் இருக்கும். முதுகு நீளம், கழுத்து, மார்பு, மொத்த நீளம், கை நீளம். எல்லாம் சென்டிமீட்டரில். பக்கத்திலேயே ஒரு எழுத்தும் இரண்டு இலக்கமும். ‘பி 41’ என்றால் பெர்லின் கிடங்கு 1941-ல் ஏற்றுக்கொண்டது. ‘எம்’ என்றால் மியூனிக், ‘இ’ என்றால் எர்ஃபர்ட், ‘டபிள்யூ’ என்றால் வியன்னா (ஜெர்மனில் வீன்). தைத்த கம்பெனியின் பெயரும் ஆரம்பத்தில் இருந்தது. போரின் பிற்பாதியில் பெயர் போய், அந்த இடத்தில் ஒரு நீளமான எண் வந்தது.

அதிகாரிகள் கதை வேற. அவர்கள் சொந்தக் காசில் தையல்காரரிடம் கொடுத்துத் தைத்துக்கொண்டார்கள். அதனால் உள்பையில் தையற்கடையின் பட்டை இருக்கும். அதில் சில சமயம் அதிகாரியின் பெயரும் தேதியும்கூட எழுதியிருக்கும். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு ஆவணக் காப்பகங்களில் மாசக்கணக்கா தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இந்த வகைச் சேகரிப்பாளர்களைப் பிடிக்கும்.

போர் எப்படிப் போச்சு என்பதைத் துணியிலேயே படிக்கலாம் என்பதுதான் என்னை இந்தப் பக்கம் இழுத்தது. 1936-ல் வந்த கோட்டு நல்ல கம்பளி: கரும்பச்சைக் காலர், ஐந்து பொத்தான், மடிப்பு வைத்த நாலு பை. 1940-ல் பச்சைக் காலர் போய், காலரும் கோட்டு நிறத்துக்கே வந்தது. 1941-ல் பொத்தான் ஆறாச்சு. துணி இளைத்துத் தொங்க ஆரம்பித்ததால் இழுத்துப் பிடிக்க ஒன்று கூட வேண்டியிருந்தது. 1942-ல் பையின் மடிப்பு போச்சு. 1943-ல் வளைவாக வெட்டிய பை மூடி நேராச்சு. வளைவு வெட்டத் துணியும் நேரமும் கூடுதல் இல்லையா? 1944-ல் கோட்டே பாதியாச்சு. இடுப்போடு நிற்கிற குட்டைச் சட்டை, இரண்டே பை, பார்க்க எதிரியான பிரிட்டிஷ்காரன் உடை மாதிரியே. ஒவ்வொரு வருஷமும் கம்பளி குறைந்து, ரேயானும் பழைய துணியைப் பிய்த்து நூற்ற நூலும் ஏறிக்கொண்டே போகும். கையால் தொட்டாலே வித்தியாசம் தெரியும்.

ஆனா இதை வாய்ப்பாடு மாதிரி எடுத்துக்கக் கூடாது. கிடங்கில் மிச்சமிருந்த பழைய துணியை, பழைய காலரைத் தொழிற்சாலைகள் பின்னாலும் பயன்படுத்தின. சிப்பாய்களும் பழைய பச்சைக் காலரைப் புதுக் கோட்டில் தைத்துக்கொண்டார்கள். பார்த்தா சீனியர் மாதிரி இருக்கணுமே!

போலிகள் ஏராளம். வழக்கமான சோதனை புற ஊதா விளக்கு. போருக்குப் பிந்தைய நூல்களில் வெண்மை கூட்டும் ரசாயனம் கலப்பது பரவலாச்சு. அந்த நூல் புற ஊதா ஒளியில் நீலமாகப் பளிச்சிடும். இதிலும் ஒரு சிக்கல். யாரோ ஒரு பாட்டி 1970-ல் நல்ல எண்ணத்தோடு சோப்புத்தூள் போட்டுத் துவைத்திருந்தால் அசல் கோட்டும் பளிச்சிடும். இன்னொன்று, ஒரு இழை நூலைப் பிடுங்கிக் கொளுத்துவது. கம்பளி முடி கருகும் நாற்றத்தோடு பொடியும். பாலியஸ்டர் உருகி உருண்டையாகும்.

இந்தச் சோதனைகளிலெல்லாம் தேறிவிடுகிற போலி ஒன்று உண்டு. கோட்டும் அசல், சின்னமும் அசல், ஆனா இரண்டும் போன மாசம்தான் சேர்ந்தது. 1945-ல் தோல்விக்குப் பின் ஏராளமான கோட்டுகளில் கழுகைப் பிய்த்தெறிந்து, வேறு சாயம் ஏற்றி, உடுத்த வேறு துணியில்லாத ஜனங்கள் போட்டுக்கொண்டார்கள். அப்படி மொட்டையான கோட்டில் வேறெங்கோ கிடைத்த சின்னத்தைத் தைத்தால் விலை பல மடங்கு ஏறும். அதனால்தான் சின்னத்தின் ஓரத்தில் பழைய ஊசித்துளை இருக்கா, அதன் அடியில் துணி வெளுக்காமல் இருக்கா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்கள்.

ராணுவம் இப்படி. கட்சிப் படைகளின் சீருடை தனி உலகம். அதற்கு மியூனிக்கில் ‘ரைஷ்ஸ்ட்சாய்க்மைஸ்டெராய்’ என்று ஒரு அலுவலகம் (ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்க). சுருக்கமா ஆர்.இசட்.எம். இது உரிமம் கொடுத்த கம்பெனிதான் தைக்கலாம், அனுமதி பெற்ற கடைதான் விற்கலாம். எஸ்.ஏ. படையின் பழுப்புச் சட்டைக்கு மூலம், ஆப்பிரிக்கக் காலனிப் படைகளுக்காகத் தைத்து மிஞ்சிப்போன சரக்கு என்பார்கள். 1930-ல் பிரஷியா அந்தச் சட்டைக்குத் தடை போட்டபோது வெள்ளைச் சட்டையில் ஊர்வலம் போனார்கள். 1932-ல் நாலு லட்சமாக இருந்த எஸ்.ஏ., 1934-ல் முப்பது லட்சத்தை எட்டியது. தையல் கம்பெனிகளுக்கு என்ன யோகம் என்று கணக்குப் போட்டுக்குங்க.

அந்த யோகம் அடித்தவர்களில் மெட்சிங்கன் ஊர் ஹியூகோ பாஸ் ஒருவர். எஸ்.எஸ். கறுப்புச் சீருடையை அவர்தான் வடிவமைத்தார் என்று வருஷா வருஷம் ஒரு ஃபார்வர்டு வருதே, அது தப்பு. 1932-ல் வந்த அந்த வடிவம் கார்ல் டீபிட்ஷ், வால்ட்டர் ஹெக் என்பவர்களுடையது. பாஸ் தைத்துக் கொடுத்தவர். 1931-ல் தொழில் நொடித்த நிலையில் கட்சியில் சேர்ந்து ஆர்டர் பிடித்தார். போர்க்காலத்தில் அந்த ஆலையில் சுமார் 140 கட்டாயத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், கூடவே 40 பிரெஞ்சுப் போர்க்கைதிகள் வேலை செய்தார்கள். ரோமன் கோஸ்டர் என்ற வரலாற்றாசிரியர் எழுதிய ஆய்வு 2011-ல் வந்தபோது கம்பெனி வருத்தம் தெரிவித்தது. வடிவமைத்தார் என்ற பொய்யே சுற்றிக்கொண்டிருப்பதால் இந்த உண்மை யார் காதிலும் விழுவதில்லை.

இதைவிடக் கனமான விஷயம் ஒன்று. சில வாஃபென் எஸ்.எஸ். கோட்டுகளில் ‘எஸ்.எஸ்.-பி.டபிள்யூ.’ என்ற முத்திரை இருக்கும். எஸ்.எஸ். நடத்திய உடைத் தொழிற்சாலை என்று பொருள். விற்பனைப் பட்டியல்களில் இது தரச்சான்று மாதிரி வரும். அந்தத் தொழிற்சாலைகள் இருந்த இடம் டாக்கவ் வதைமுகாம், பெர்லினுக்கு வடக்கே ராவன்ஸ்புருக் பெண்கள் முகாம். ராவன்ஸ்புருக்கில் டெக்ஸ்லெட் என்ற எஸ்.எஸ். கம்பெனிக்காகக் கைதிப் பெண்கள் இரவும் பகலும் முறை போட்டுத் தைத்தார்கள். அளவு குறைந்தால் அடி. போலந்தின் லோட்ஸ் கெட்டோவிலும் யூதத் தையல்காரர்கள் வேர்மாக்ட்டுக்குச் சீருடை தைத்தார்கள். கடைசியில் அவர்களில் பெரும்பாலோர் கொலைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். தையல் நேர்த்தியைச் சிலாகிக்கும் சேகரிப்பாளர் இந்தப் பெண்களைப் பற்றி ஒரு வரியாவது எழுதிவைக்கணும் என்பது என் கட்சி. “துணிதானே சார்” என்கிற பதிலை என்னால் ஏற்க முடியல. துணியைப் படிக்கிறவர் பாதியைப் படித்துவிட்டு நிறுத்தக் கூடாது.

ஜெர்மனியில் இவற்றை வீட்டில் வைத்திருப்பது குற்றமில்லை. நாஜிச் சின்னத்தைப் பொது இடத்தில் காட்டுவதுதான் குற்றவியல் சட்டம் 86ஏ பிரிவின்படி தண்டனைக்குரியது. ஆய்வு, கல்வி, கலை ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. அதனால் விற்பனைப் படங்களில் ஸ்வஸ்திகா மேல் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கும். ஈபே 2001-லேயே நாஜிப் பொருட்களுக்குத் தடை போட்டது. 2019 நவம்பரில் மியூனிக்கில் ஹிட்லரின் தொப்பி உள்ளிட்ட பொருட்கள் ஏலத்துக்கு வந்தபோது யூத அமைப்புகள் எதிர்த்தன. லெபனானில் பிறந்த அப்தல்லா ஷதீலா என்ற தொழிலதிபர், தப்பான கைக்குப் போகக் கூடாது என்று பலவற்றைத் தானே எடுத்து ஒரு யூத அறக்கட்டளைக்குக் கொடுத்தார். நல்ல மனசுதான். ஆனா அந்த ஏலத்தில் விலை ஏறியதும் உண்மை.

நம்ம ஊர்த் தொடர்பும் ஒன்று இருக்கு. வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களை வைத்து நேதாஜி முயற்சியில் ஜெர்மனியில் உருவான படை, ராணுவக் கணக்கில் 950-ஆம் காலாட்படை. உடை ஜெர்மன் உடை, சீக்கியர்களுக்குத் தலைப்பாகை. கையில் காவி, வெள்ளை, பச்சைப் பட்டைகளும் பாயும் புலியும் ‘ஃப்ரைஸ் இண்டியன்’ என்ற எழுத்தும் கொண்ட கேடயம். இருந்ததே சில ஆயிரம் பேர். இணையத்தில் அந்தக் கேடயம் தாராளமா விற்பனைக்கு வருது. புதுசா தைத்த நகல்தான் அதிகம். ‘தாத்தா காலத்துச் சொத்து’ என்று யாராவது நீட்டினால் முதல்ல புற ஊதா விளக்கைத் தேடுங்க.

கைக்காசு போகாமல் பழக ஆசைப்படுகிறவர்களுக்குக் கிழக்கு ஜெர்மனிதான் என் பரிந்துரை. 1956-ல் அமைந்த அதன் ராணுவம், அதற்கு முந்தைய அமைப்பின் சோவியத் பாணியைக் கைவிட்டு, பழைய ஜெர்மன் வெட்டுக்கும் சாம்பல் நிறத்துக்கும் திரும்பியது. கம்யூனிஸ்ட் நாடு, உடை மட்டும் தாத்தாவுடையது! 1990-ல் நாடு இணைந்ததும் அந்தப் படை கலைந்து, கோட்டும் தொப்பியும் பெர்லின் நடைபாதைக் கடைகளில் குவிந்தன. மழைக்கோடு போட்ட மாதிரியான களச்சீருடை இன்றும் மலிவாகக் கிடைக்கும், போலி செய்கிறவனுக்கு அதில் லாபமில்லை. அதையும் முதல்ல உள்பக்கம் திருப்பித்தான் பார்க்கணும். முத்திரை அங்கேயும் இருக்கு.