முதுமை எய்திய காவல் நாய்

இராஜபாளையம் என்றதும் நூற்பாலைகளோடு ஒரு வெள்ளை நாயும் பலர் நினைவுக்கு வரும். நீண்ட கால்கள், ஒடுங்கிய வயிறு, இளஞ்சிவப்பு மூக்கு, பால் போன்ற மேனி. 2005-ஆம் ஆண்டில் நம் அஞ்சல் துறை இந்திய நாய் இனங்களுக்கென வெளியிட்ட தலைகளில் இதற்கும் ஓர் இடம் கிடைத்தது. இத்தனை பெருமை பெற்ற நாய்க்கு வயதானபின் நேர்வது என்ன என்பதைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

இராஜபாளையம் வட்டத்துச் செட்டியார்பட்டியில், சில ஆண்டுகளுக்கு முன், புளியமரத்தடியில் அத்தகைய கிழநாய் ஒன்றைக் கண்டேன். கழுத்தில் பட்டை கிடந்த தடம் இன்னும் மறையவில்லை. அருகிலிருந்த பெரியவரை விசாரித்தேன். “காது போயிருச்சு ஐயா. ஆள் வந்தாலும் குரைக்கிறதில்லை. வச்சு என்ன செய்ய?” என்றார். காவல் உத்தியோகம் போயிற்று, சோறும் போயிற்று!

இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. இவ்வினத்தில் சில குட்டிகள் பிறவியிலேயே செவிடாகிவிடுகின்றன. நாம் விரும்பிப் போற்றும் அவ்வெண்மையே அதற்குக் காரணம். தோலுக்கு நிறம் தரும் உயிரணுக்கள் உட்செவிக்கும் தேவை. அவை அங்கு இல்லாவிடில், ஒலியை உணரும் நுண்ணிய அணுக்கள் பிறந்த சில வாரங்களில் அழிந்துவிடும். ஆயினும் அக்குட்டி கண்ணாலும் தரையின் அதிர்வாலும் உலகை அறிந்து வளர்கிறது; கையசைவையே கட்டளையாகக் கற்றுக்கொள்கிறது. முதுமையில் செவி இழந்த நாயும் அவ்வாறே கற்கவல்லது. கிழநாய்க்குப் புதுப்பாடம் ஏறாது என்பது மனிதரின் சோம்பல் கட்டிய கதை.

சட்டம் என்ன சொல்கிறது? மாநிலங்களவை உறுப்பினராயிருந்த ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியைத் தொடர்ந்து, 1960-இல் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. பசியாலும் தாகத்தாலும் துன்புறும்படி ஒரு பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுதல் அதன்படி குற்றம். முதற் குற்றத்திற்கு அது விதித்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரையே. அன்று அது ஓரளவு பணம். இன்று ஒரு வேளைச் சிற்றுண்டிக்கும் போதாது.

கைவிடப்பட்ட கிழநாயைத் தேற்றுவது எங்ஙனம்? பெரிய உடலுடைய நாய்கள் ஏழெட்டு வயதிலேயே முதுமையை எட்டுகின்றன. செவி கேளாத நாயைப் பின்னாலிருந்து தொடலாகாது, திடுக்கிட்டுக் கடித்துவிடும். நீங்கள் தனியே நெருங்காமல், பெரியவர் ஒருவரை உடனழைத்துச் செல்லுங்கள். கடிபட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் சென்று ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

பல நாள் பட்டினி கிடந்த நாயைக் கண்டதும் இரக்க மிகுதியால் வட்டில் நிறையச் சோறு வைப்பார்கள். இது பெருந்தீங்கு. வறண்ட உடலில் திடீரென்று உணவு சேர்ந்தால் இரத்தத்திலுள்ள உப்புகளின் அளவு குலைந்து, இதயமே நின்றுவிடக்கூடும். முதலில் நீர், பின் சிறிது சிறிதாக, நாளுக்குப் பல வேளை, மென்மையான உணவு. அதற்குள் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். சொத்தைப் பல்லும் மூட்டுவாதமும் சிறுநீரகக் கோளாறும் இம்முதுமையில் மலிந்தவை. “குணம் கெட்டுவிட்டது” என்று விரட்டப்பட்ட நாய்களிற் பல, உண்மையில் பல்வலியாலோ மூட்டுவலியாலோ சீறியவையே. வலி தணிந்தால் சீற்றமும் தணிவதைக் காணலாம்.

கண்ணும் மங்கிய நாயாயின், கட்டிலையும் தண்ணீர்ச் சட்டியையும் நாள்தோறும் இடம் மாற்றாதீர்கள். படுக்கக் கனத்த சாக்கு விரித்தால் மூட்டு நோகாது. மற்றொன்று: நாம் உடல்வலிக்கு விழுங்கும் மாத்திரையில் பாதியை உடைத்து நாய்க்குக் கொடுக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. பாராசிட்டமால், இபுபுரூஃபன் போன்றவை நாயின் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கவல்லவை. மருத்துவர் எழுதித் தராத மருந்து எதையும் அதன் வாயில் இடக்கூடாது.