இன எழுத்தும் இடைநிலைப்பள்ளி மாணாக்கரும்

மலேசியத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் பயின்ற மாணாக்கன் ஒருவனிடம், கடல்நீரிலிருந்து உப்பு எங்ஙனம் கிடைக்கிறது என்று வினவினால், வெயிலில் நீர் ஆவியாகிவிட உப்பு எஞ்சி நிற்கும் என்று தயங்காமல் விடை கூறுவான். அவனே சில மாதங்களில் இடைநிலைப்பள்ளியின் முதற்படிவ வகுப்பில் அமர்கிறான். அதே செய்தி மலாய் மொழியில் கற்பிக்கப்படுகிறது. ‘பெஞெஜாத்தான்’ என்றொரு சொல் வருகிறது. வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டுகிறான், ‘பெ’ என்று தொடங்கும் சொற்களிடையே அதனைத் தேடுகிறான், காணவில்லை. இவ்வாறு நாலைந்து சொற்களில் தோற்றவன் அகராதியை மூடிவைத்துவிடுகிறான். வகுப்பில் கை உயர்த்துவதையும் விட்டுவிடுகிறான். அவனுக்கு அறிவியல் வரவில்லை என்று ஆசிரியர் எண்ணுகிறார். நாளடைவில் அவனும் அங்ஙனமே எண்ணத் தலைப்படுகிறான். உண்மையில் அவனுக்கு வராதது அறிவியல் அன்று. ஒரு சொல்லின் வேர்.

இத்தொல்லை புதியதன்று. 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் காலத்திலேயே, தாய்மொழிப் பள்ளியிலிருந்து வருவோரைப் புதிய கல்வி மொழிக்குப் பழக்கவெனப் புகுமுக வகுப்பு என்னும் ஓராண்டுப் படிப்பு இருந்தது. 1970இல் ஆங்கிலப் பள்ளிகளின் முதலாம் வகுப்பில் தொடங்கிய மாற்றம் ஆண்டுக்கொரு வகுப்பாக மேலேறி, இடைநிலைக் கல்வியை மலாய் மொழிக்குக் கொண்டுவந்தது. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறின. 2012க்குப் பின் படிப்படியாகத் திரும்பின. ஆணைகள் மாறிய போதெல்லாம் வாயிலில் நின்று தடுமாறியவன் மாணாக்கனே.

அவனுக்குக் கைகொடுக்கக்கூடிய ஒன்று தமிழாசிரியரிடம் இருக்கிறது. அது தமிழ் இலக்கணம்.

மலாய் மொழியில் பெரும்பாலான சொற்கள் ஒரு வேர்ச்சொல்லின் முன்னும் பின்னும் ஒட்டுகள் சேர்ந்து பிறக்கின்றன. டேவான் பஹாசா டான் புஸ்தாக்கா 1970இல் முதற்பதிப்பாக வெளியிட்ட ‘காமூஸ் டேவான்’ பேரகராதி சொற்களை வேரின்கீழேயே தொகுத்துத் தருகிறது. ஆகவே வேரை அறியாதவனுக்கு அகராதி பயன்படாது. முன்னொட்டு சேரும்போது வேரின் முதலெழுத்தே சில இடங்களில் மறைந்துபோவதுதான் சிக்கல். ‘பெஞெஜாத்தான்’ என்பதன் வேர் ‘செஜாட்’. அதன் ஸகரம் எங்கே போயிற்று?

இவ்விடத்தில்தான் இன எழுத்து உதவிக்கு வருகிறது. கவுக்கு ங, சவுக்கு ஞ, தவுக்கு ந, பவுக்கு ம என்று தொடக்க வகுப்புகளிலேயே மாணாக்கர் மனப்பாடம் செய்திருக்கின்றனர். இவ்விணைகள் ஒரே இடத்தில் பிறப்பன என்று தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்துக் காட்டினார். நன்னூலாரும் எழுத்துகளை இனப்படுத்தும்போது பிறப்பிடத்தை ஒரு காரணமாகக் கொண்டார். காலம் என்னும் ஒரு சொல்லே போதிய சான்று. காலங்கடந்து, காலஞ்சென்ற, காலந்தாழ்த்தி என்னும்போது இறுதி மகரம் வருகின்ற வல்லினத்துக்கு இனமாகத் திரிகிறது. காலம்போக்கி என்னும்போது பகரத்துக்கு மகரமே இனமாதலின் அப்படியே நிற்கிறது.

மலாய் மொழியிலும் ‘மெ’, ‘பெ’ என்னும் முன்னொட்டுகளோடு ஒரு மெல்லினம் வருகிறது. வேரின் முதலெழுத்து எதுவோ, அதன் இன மெல்லினமாகவே அது அமைகிறது. அறிவியல் பாடத்திலிருந்தே நான்கு சொற்களைக் காணலாம். ‘கெம்பாங்’ என்றால் விரிதல். அதிலிருந்து ‘பெஙெம்பாஙான்’, விரிவு. ‘செஜாட்’ என்பதிலிருந்து ‘பெஞெஜாத்தான்’, ஆவியாதல். ‘தூராஸ்’ என்றால் வடிகட்டு; ‘பெனூராசான்’, வடிகட்டல். ‘பானாஸ்’ என்றால் சூடு, ‘பெமானாசான்’, வெப்பமேற்றல். க போன இடத்தில் ங, ஸ போன இடத்தில் ஞ, த போன இடத்தில் ந, ப போன இடத்தில் ம. (தமிழின் இருவகை நகர வேறுபாடு மலாயில் இல்லை, சொல்லின் இடையில் வருவதால் ‘ன’ என்று எழுதுகிறோம்.) தமிழில் வல்லினமும் உடன் நிற்கிறது, மலாயில் அது மெல்லினத்துக்கு இடம் விட்டு மறைகிறது. வேறுபாடு அவ்வளவே.

ஙகர வரிசையை அரிச்சுவடியில் வீணே ஓதுகிறோம் என்று நகைப்பவர் உண்டு. ஙா, ஙி, ஙெ என்று நாவைப் பழக்கிய பிள்ளைக்கு ‘மெஙிரா’ என்று ஒலிக்க ஒரு முயற்சியும் வேண்டுவதில்லை. ‘கிரா’, எண்ணு என்பதே அதன் வேர்.

சில எச்சரிக்கைகளும் வேண்டும். ‘பாம்பு’ என்னும் சொல்லின் இரு பகரங்களும் ஒன்றுபோல் ஒலிப்பதில்லை. முதற் பகரத்தின் ஒலியே மலாயில் மறைவது. இரண்டாவதன் ஒலியில் தொடங்கும் வேர் மறையாது. படி என்னும் பொருளுள்ள ‘பாச்சா’ அத்தகையது. அது ‘மெம்பாச்சா’ என்றே நிற்கும். கழுவு என்னும் ‘சூச்சி’யும் ‘மெஞ்சூச்சி’ ஆகும். இது காலஞ்சென்ற என்பதன் நேர் உடன்பிறப்பு. மெல்லினத்தைக் கண்டவுடன் பின்னால் ஒரு வல்லினம் மறைந்திருப்பதாகவும் கொள்ளலாகாது. தேர்வுத்தாளில் அடிக்கடி வரும் ‘ஞாத்தாக்கான்’ என்பதன் வேர் ‘ஞாத்தா’வே, அங்கே ஞகரம் வேருக்கே உரியது. ‘லாருட்’ போன்று லகரத்தில் தொடங்கும் வேர்களுக்கு முன் மெல்லினமே தோன்றாது.

‘லாருட்’ என்பதைத் தனியே எடுத்துக் கற்பிப்பது நலம். அதன் பொருள் கரைதல். ‘லாருத்தான்’ கரைசல், ‘பெலாருட்’ கரைப்பான், ‘கெத்தெர்லாருத்தான்’ கரைதிறன். தமிழில் கரை என்னும் ஓரடியிலிருந்து இக்குடும்பம் முழுவதும் கிளைத்தது போலவே மலாயிலும் கிளைத்திருக்கிறது. இரு குடும்பங்களையும் கரும்பலகையில் எதிரெதிரே எழுதிக் காட்டினால், தனக்குத் தெரிந்த பொருளே வேறு சட்டை அணிந்து வந்திருப்பதை மாணாக்கன் கண்டுகொள்வான்.

தேர்வு வினாக்களின் ஏவற்சொற்களையும் இத்துடன் சொல்லிவைக்கலாம். ‘ஞாத்தாக்கான்’ என்றால் குறிப்பிட்டால் போதும், ஒருவரி விடை. ‘ஹூராய்க்கான்’ என்றால் விரித்தெழுத வேண்டும். இரண்டையும் ஒன்றென மயங்கி மதிப்பெண் இழப்பவர் பலர்.

இதற்கெனப் புதிய பாடவேளை தேவையில்லை. ஆறாம் ஆண்டின் இறுதி வாரங்களில் சில அரைமணி நேரங்கள் போதும். இடைநிலைப்பள்ளியின் தமிழ் வகுப்பிலும் செய்யலாம். பெற்றோர் பதினைந்து பிள்ளைகளுக்காகக் கேட்டால் தாய்மொழி வகுப்புக்குச் சட்டத்தில் இடமுண்டு. மலாய் வலுப்பெறட்டும் என்று கருதியே பிள்ளையைத் தமிழ் வகுப்பிலிருந்து நிறுத்தும் பெற்றோருக்கு இப்பாடத்தை ஒருமுறை காட்டிவிடுதல் நன்று.

மாணாக்கன் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளட்டும். முதலில் நூலில் கண்ட சொல், அடுத்து அவன் ஊகித்த வேர், பிறகு அகராதி தந்த பொருள், கடைசியில் தமிழ்ச்சொல். மலாய்ச் சொற்களை ரோமன் எழுத்திலேயே எழுத வேண்டும். தமிழெழுத்தில் எழுதுவது ஒலியைக் காட்டுவதற்கு மட்டுமே. வேரை ஆசிரியர் முந்திக்கொண்டு சொல்லிவிடலாகாது. ஊகம் தவறினாலும் அவனே அகராதியில் மோதி அறியட்டும்.

குறிப்பேட்டின் பின்னட்டையை விதிவிலக்குகளுக்கு ஒதுக்கலாம். முதலில் எழுத வேண்டியது ‘காஜி’. ஆராய் என்னும் பொருளில் அது ‘மெங்காஜி’ என்று ககரத்தை இழக்காமலே நிற்கும். ககரத்தை நீக்கி ‘மெஙாஜி’ என்று எழுதினால் திருமறை ஓதப் பயிலுதல் என்று பொருள்பட்டுவிடும்.