அலங்காநல்லூர் வயலுக்குள் ஒளிந்திருக்கும் தீவுகள்: தெரியுமா?

தெரியுமா? வாடிப்பட்டி, அலங்காநல்லூர் பக்கத்து நெல் விவசாயிகளிடம் ‘திருந்திய நெல் சாகுபடி’ என்று சொன்னால் சட்டென்று புரியும். குத்துக்கு ஒரே ஒரு நாற்று, சதுரம் சதுரமாக நடவு, நடுவில் கோனோவீடர் உருட்டிக் களையெடுப்பு. அந்த முறை பிறந்த ஊர் எது? தஞ்சாவூர் இல்லை, கோயம்புத்தூரும் இல்லை. ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே, இந்தியப் பெருங்கடலில் கிடக்கும் மடகாஸ்கர் தீவு!

வேளாண்மை படித்த பிரெஞ்சுப் பாதிரியார் ஆன்ரி தெ லொலானியே 1961-ல் அங்கே போய்ச் சேர்ந்தார். காடழித்து மலைச்சரிவில் பயிர் வைத்து மண்ணை இழந்துகொண்டிருந்த தீவு அது. இருக்கிற நிலத்திலேயே கூடுதலாக விளைய வைத்தால்தான் மிச்சக் காடு தப்பும். 1983-ல் மழை பொய்த்த ஒரு பருவத்தில் வேறு வழியில்லாமல் 15 நாள் இளநாற்றையே பிடுங்கி நட்டார்கள். தேறாது என்று நினைத்த பயிர் தூர் வெடித்துக் கிளம்பியது பாருங்கள்! விதை மிச்சம், தண்ணீர் மிச்சம், மகசூல் கூடுதல். வழக்கமான நடவுக்கு ஏக்கருக்கு 20 கிலோவுக்கு மேல் விதை விடுகிற இடத்தில் இதற்கு 2, 3 கிலோ போதும்! இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சோதித்துப் பார்க்க, தீவின் பஞ்சகால அறிவு நம்மூர் வயலுக்கு வந்துவிட்டது.

அதைவிட ஆச்சரியம் அடுத்தது. வயலில் எந்நேரமும் தண்ணீரைக் கட்டிவைத்தால் மண்ணுக்குள் காற்று போகாது. காற்றில்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. அந்த வாயு நெற்பயிரின் தண்டு வழியாகவே வெளியேறுகிறது! 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மீத்தேன் ஒவ்வொரு கிலோவும் கரியமில வாயுவைப்போல ஏறக்குறைய 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். மனிதர்களால் வெளியாகும் மீத்தேனில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானது நெல் வயல்களிலிருந்து வருகிறது.

மருந்து? காய்ச்சலும் பாய்ச்சலும்தான்! மண்ணில் மயிரிழை வெடிப்பு தெரிந்த பிறகு இரண்டரை சென்டிமீட்டர் தண்ணீர் கட்டினால் போதும் என்கிறது திருந்திய நெல் சாகுபடி. இப்படி விட்டுவிட்டுப் பாய்ச்சினால் மீத்தேன் ஏறக்குறைய பாதியாகக் குறையும். எப்போது பாய்ச்சுவது என்று பார்க்கத் துளையிட்ட ஒரு பிளாஸ்டிக் குழாயை வயலில் புதைத்தால் முடிந்தது. அந்தக் குழாய் முறையைப் பரப்பிய சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் இருப்பதும் தீவு நாடான பிலிப்பைன்ஸில்தான்!

பூமி சூடேறினால் கடல்மட்டம் உயரும். கடலைப் பார்க்க மணிக்கணக்கில் பயணம் போகவேண்டிய ஊரில் இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் துவாலுவைப் பார்க்கட்டும். பசிபிக் கடலில் இருக்கும் அந்த நாட்டின் மிக உயரமான இடமே 5 மீட்டரைத் தாண்டாது. அதன் மக்கள் ஆண்டுக்கு 280 பேர் வரை குடியேறலாம் என்று 2023-ல் ஆஸ்திரேலியா ஒப்பந்தம் போட்டிருக்கிறது. கிரிபாத்தி நாடு 2014-ல் பிஜித் தீவில் 20 சதுர கிலோமீட்டர் நிலத்தைக் காசு கொடுத்து வாங்கியேவிட்டது! சிறு தீவு நாடுகள் எல்லாம் சேர்ந்து வெளியிடும் புகை உலகக் கணக்கில் ஒரு சதவீதம்கூட இல்லை. அவர்கள் செய்யாததற்கு அவர்கள் ஊர் மூழ்குகிறது. இந்த அநியாயத்தைப் பொறுக்காமல் 2019-ல் பசிபிக் தீவுகளின் சட்டக்கல்லூரி மாணவர்கள் குரல் கொடுக்க, வனுவாட்டு அரசு அதை ஐ.நா.வுக்குக் கொண்டுபோக, 2025 ஜூலை 23-ல் சர்வதேச நீதிமன்றமே கருத்துரை சொன்னது: பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை!

சரி, நம் தண்ணீருக்கு வருவோம். அரபிக்கடலுக்குப் போகவேண்டிய பெரியாற்றுத் தண்ணீரைப் பொறியாளர் பென்னிகுவிக் மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியது 1895-ல் என்பது மதுரைப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை இருபோகப் பாசனம் மட்டும் 45,041 ஏக்கர். அதில் வாடிப்பட்டி வட்டத்தின் பங்கு 16,452 ஏக்கர்! அந்தத் தண்ணீரைக் கொண்டுவரும் வைகையோ ராமநாதபுரம் பெரிய கண்மாயை நிரப்பிவிட்டு, மிச்சமிருந்தால்தான் ஆற்றங்கரை என்ற ஊருக்கருகே கடலைத் தொடும். மேலே எவ்வளவு மிச்சம் பிடிக்கிறோமோ அவ்வளவுதான் கீழே போகும்.

அந்தக் கடலோரத்தைத் தாண்டி, பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள்! மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவாக 1986-ல் அறிவிக்கப்பட்டவை. இன்று 19-தான் தண்ணீருக்கு மேலே. பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் மூழ்கிவிட்டன! துவாலுவுக்குப் போகவேண்டாம், நம் தமிழ்நாட்டிலேயே தீவுகள் மூழ்கியிருக்கின்றன. சுண்ணாம்புக்கும் கட்டடக் கல்லுக்கும் பல பத்தாண்டுகள் பவளப்பாறையை வெட்டி எடுத்தோம். அலையைத் தடுத்த அரண் போனது, கடல்மட்டமும் ஏறியது, தீவு கரைந்தது. தப்பிய பாறைகளையும் கடல் சூடேறி 2010, 2016 ஆண்டுகளில் வெளுக்க வைத்தது.

ஆனால் வான் தீவின் கதை நெஞ்சை நிமிர்த்துகிறது. தூத்துக்குடிக்கு எதிரே 1969-ல் 20 ஹெக்டேர் அளவில் இருந்த தீவு, 2 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிப்போனது. 2015-லிருந்து தமிழ்நாடு அரசு, சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆய்வு நிறுவனம், சென்னை ஐஐடி மூன்றும் சேர்ந்து துளையிட்ட கான்கிரீட் செயற்கைப் பாறைகள் பத்தாயிரத்துக்கும் மேல் கடலுக்கடியில் இறக்கினார்கள். அலை வேகம் குறைந்தது, மணல் தங்கியது, மீன்களும் வந்து குடியேறின! அடுத்து காரைச்சல்லித் தீவையும் காப்பாற்ற அரசு இறங்கியிருக்கிறது.

இந்தத் தீவுகளைச் சுற்றி மூச்சைப் பிடித்து முங்கிப் பாசி எடுக்கும் பெண்களைத் தெரியுமா? பாம்பன் தீவின் சின்னப்பாலத்தில் அவர்களே கூடிப் பேசிக் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள்: மாதம் 12 நாள்தான் கடலில் இறங்குவது, மீன் இனப்பெருக்கக் காலத்தில் பாசி எடுப்பதே இல்லை, பாறையைச் சுரண்ட இரும்புக் கருவி கிடையாது. எந்த அதிகாரியும் போட்ட உத்தரவு அல்ல இது! அவர்களை முன்னின்று நடத்திய லட்சுமி அம்மாளுக்கு 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு தன் சர்வதேச விருதைக் கொடுத்தது. பாடப்புத்தகத்தில் வரவேண்டிய பெயர் என்பேன்.

தீவில் குடிதண்ணீர் எப்படி நிற்கிறது, அதாவது தெரியுமா? மோரில் மிதக்கும் வெண்ணெய்போல, நிலத்தடி உப்புநீருக்கு மேலே மழைநீர் மெல்லிய அடுக்காக மிதக்கிறது! கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் 40 அடி இருக்கும். மேலே ஓரடியை உறிஞ்சிவிட்டாலோ கீழிருந்து உப்பு 40 அடி ஏறிவரும். மாலத்தீவின் தலைநகர் மாலேயில் இந்த அடுக்கு எப்போதோ கெட்டுப்போய், ஊரே கடல்நீரைச் சுத்திகரித்துக் குடிக்கிறது. 2014 டிசம்பர் 4-ல் அந்த ஆலையில் தீப்பிடித்தபோது, விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தது இந்தியா!

இன்னொரு தீவான இலங்கையின் வறண்ட பகுதியில் ஒரு குளம் நிறைந்து வழிந்து அடுத்த குளத்தை நிரப்பும். இந்தத் தொடர்குளங்களை ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2017-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக அங்கீகரித்தது. படித்ததும் எனக்குப் பெருமையும் ஆதங்கமும் சேர்ந்தே வந்தன. நம் கண்மாய் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாயை நிரப்புவதும் அதேதானே! பாலமேடு பக்கத்துச் சாத்தையாற்றுத் தண்ணீரும் இப்படித்தான் கண்மாய் கண்மாயாக நிரப்பிக்கொண்டு மதுரையை நோக்கி வருகிறது. தமிழ்நாடு முழுக்க இருப்பவை சுமார் 39,000 கண்மாய்கள், ஏரிகள். உலகப் பட்டியலில் இடம் கிடைப்பது இருக்கட்டும். வரத்துக்கால்வாயில் மண்டிய சீமைக்கருவேலத்தை வெட்டி, ஆக்கிரமிப்பை எடுத்து, மடையைச் செப்பனிடும் வேலையை வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் முடித்தாக வேண்டும்.