‘தொடர்க’ பொத்தானை அழுத்தும் முன்...

செராஸ் – மாமாக் கடையிலோ பேரங்காடியிலோ இலவச வைஃபையில் இணைந்து உரையாடல் செயலியைத் திறக்கிறோம். ‘இந்தச் சான்றிதழை நம்ப இயலாது’ என்று திரையில் எச்சரிக்கை வருகிறது. பலரும் படிப்பதேயில்லை, ‘தொடர்க’ என்பதை அழுத்திவிடுகிறார்கள்.

அந்தச் சான்றிதழ், நம் செயலி பேசும் சேவையகத்தின் மைகார்டு மாதிரி. சேவையகத்தின் பெயர், காலாவதித் தேதி, வழங்கிய அமைப்பின் மின்னியல் கையொப்பம் ஆகியவை அதில் இருக்கும். இடையில் யாராவது புகுந்து ஒட்டுக்கேட்டால், அந்த அட்டை பொருந்தாமல் போவதுதான் முதல் அறிகுறி.

அட்டையை வழங்கும் அமைப்பே கவனக்குறைவாக இருந்தால்? நம் நாட்டிலேயே அது நடந்தது. மலேசியாவின் டிஜிசெர்ட் நிறுவனம் 512 பிட் அளவிலான பலவீனமான சாவிகளுக்கு 22 சான்றிதழ்களை வழங்கியிருந்தது 2011 நவம்பரில் தெரிய வந்தது. மொசில்லாவும் மைக்ரோசாப்டும் அந்நிறுவனத்தின் சான்றிதழ்களை ஏற்பதை நிறுத்தின. (அதே பெயர் கொண்ட அமெரிக்க நிறுவனம் வேறு.)

உரையாடல் சேவையிலும் இது நேர்ந்துள்ளது. ஜெர்மனியில் சேவையகங்களை வைத்திருந்த ஜாபர்.ரு என்ற ரஷ்ய சேவையின் உரையாடல்கள் 2023இல் மூன்று மாதங்களாவது இடைமறிக்கப்பட்டன. ஒட்டுக்கேட்டவர்களிடம் முறைப்படி வழங்கப்பட்ட சான்றிதழே இருந்ததால் எந்தச் செயலியும் முணுமுணுக்கவில்லை. அந்தச் சான்றிதழ் காலாவதியாகி, அக்டோபர் 16ஆம் தேதி எச்சரிக்கை தோன்றிய பிறகே குட்டு வெளிப்பட்டது. அன்றும் ‘தொடர்க’ என்று அழுத்தியிருந்தால்?

எச்சரிக்கை வந்தாலே மோசடி என்று பதற வேண்டாம். திறன்பேசியில் தேதி தவறாக இருந்தாலும், வைஃபையின் பதிவுப் பக்கத்தை முடிக்காவிட்டாலும் வரும். தேதியைச் சரிபார்த்து, வைஃபையைத் துண்டித்து, சொந்த டேட்டாவில் முயன்று பாருங்கள். அப்போதும் வந்தால் செயலியை மூடிவிடுவதே நல்லது.

புலனத்தில் இப்படிச் சான்றிதழைக் காட்டிக் கேட்பதில்லை. அங்கே ஒவ்வோர் உரையாடலுக்கும் 60 இலக்கப் பாதுகாப்புக் குறியீடு உண்டு. தொடர்பின் பெயரைத் தட்டி, ‘குறியாக்கம்’ பகுதியைத் திறந்தால் தெரியும். தோட்டத்திலிருக்கும் அம்மாவை அடுத்த முறை பார்க்கும்போது இருவர் திரையிலும் அது ஒன்றுதானா என்று ஒப்பிடலாம்; கியூஆர் படத்தை ஸ்கேன் செய்தாலும் போதும். குறியீடு மாறினால் தெரிவிக்கும்படி அமைப்புகளில் பாதுகாப்பு அறிவிப்பை இயக்கி வைக்கலாம். புதிய கைப்பேசி வாங்கினாலும் குறியீடு மாறும். ஆனால் மாறிய கையோடு பணம் கேட்டுச் செய்தி வந்தால், வழக்கமான தொலைபேசி அழைப்பில் அம்மாவின் குரலைக் கேட்கும்வரை ஒரு ரிங்கிட்கூட அனுப்பாதீர்கள்.