கார் நிற்கும் இடம் வரைதான் சுலபம்

கெய்லிக் மொழியில் 'கோர்ம்' என்றால் நீலம். அப்படிப் பார்த்தால் ஸ்காட்லாந்தின் கேர்ன் கோர்மும் ஒரு நீலகிரிதான். உயரம் 1,245 மீட்டர். ஏற்காடே அதைவிட உயரமாயிற்றே என்று நம்மவர்களுக்குச் சிரிப்பு வரும். போதாக்குறைக்கு 635 மீட்டர் வரை தார்ச்சாலை போகிறது. அங்கே பெரிய கார் பார்க்கிங், பனிச்சறுக்குக்காரர்களை மேலே இழுத்துப்போகும் கம்பித் தடங்கள், பழனி விஞ்ச் மாதிரி தண்டவாளத்தில் ஏறும் பெட்டி. மிச்சம் ஏற வேண்டியது 610 மீட்டர்தான். கிளாஸ்கோவிலும் எடின்பரோவிலும் படிக்கும் நம் பிள்ளைகள், ரயிலில் ஏவிமோர் வந்து இறங்கி, 'சும்மா போய்ட்டு வந்துடலாம்' என்று கிளம்புவது இந்தக் கணக்கை நம்பித்தான்.

கணக்கு தப்பில்லை, பாதிக் கணக்கு. இது 57 டிகிரி வட அட்சத்தில் நிற்கும் மலை. உச்சியில் ஹெரியட்-வாட் பல்கலைக்கழகத்தின் தானியங்கி வானிலைக் கருவி இருக்கிறது. அது எந்நேரமும் வெளியே நிற்பதில்லை. சூடேற்றிய உறைக்குள் பதுங்கியிருந்து, அரை மணிக்கு ஒரு தடவை தலையை நீட்டிக் காற்றை அளந்துவிட்டு உள்ளே போய்விடும். இல்லாவிட்டால் உறைபனி அப்பி இயங்காது. 1986 மார்ச் 20 அன்று இந்த உச்சியில் பதிவான காற்றின் வேகம் மணிக்கு 278 கிலோமீட்டர். இரும்புக் கருவிக்கே இந்தப் பாடு என்றால், ஜீன்ஸும் ஓட்டப்பந்தய ஷூவும் எம்மாத்திரம்?

உச்சிக்குத் தெற்கே அகன்ற மேட்டுநிலம். மேகம் இறங்கிவிட்டால் தரையும் வானமும் ஒரே வெள்ளை; அடுத்த அடி பாறையா, பள்ளமா தெரியாது. கோய்ர்களின் விளிம்பில் (கோய்ர் என்றால் மலையைக் குடைந்தாற்போன்ற கிண்ணப் பள்ளம்) பனி கூரைத் தாழ்வாரம்போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேலே நிற்பவருக்கு அது தரை. 1971 நவம்பரில் எடின்பரோ பள்ளிக் குழு ஒன்று பனிப்புயலில் சிக்கியது. மேட்டுநிலத்தில் இருந்த தங்குகுடிலை நம்பிப் போனவர்கள் அதை எட்டவில்லை. ஐந்து மாணவர்களும் ஓர் இளம் உதவி வழிகாட்டியும் இறந்தார்கள். அந்தக் குடிலை 1975இல் பிரித்தே எடுத்துவிட்டார்கள். குடில் இருக்கிறது என்ற தைரியமே ஆளை மேலே இழுக்கிறது என்ற வாதம் அப்போது வலுவாக எழுந்தது. எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

இனி உரிமை. ஸ்காட்லாந்தின் 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம், தனியார் நிலம் உட்படப் பெரும்பாலான நிலத்தில் நடக்க எல்லாருக்கும் உரிமை தருகிறது. குடிமகனா, மாணவர் விசாவில் வந்தவரா என்று பார்ப்பதில்லை. அனுமதிச் சீட்டு, நுழைவுக் கட்டணம் கிடையாது. வனத்துறை அனுமதிக்குக் காத்திருந்து பழகிய நமக்கு இது நம்பமுடியாத தாராளம். வீட்டை ஒட்டிய தோட்டமும் விளைந்து நிற்கும் பயிரும் இதில் சேரா. வண்டிக்கும் இந்த உரிமை இல்லை. ஆகவே பார்க்கிங் கட்டணம் கேட்டால் சட்டம் பேசிப் பயனில்லை.

ஆனால் சட்டம் தருவது 'பொறுப்போடு' நடக்கும் உரிமையை மட்டும். பனிச்சறுக்குச் சரிவு என்பதற்காக நடப்பவர் உரிமை போய்விடாது. அதற்காகச் சறுக்கு ஓடும் பாதையின் நடுவே ஏறுவது பொறுப்பாகாது. ஓரமாகப் போங்கள். பனியைச் சமன்செய்யும் இயந்திரத்தை மேலே ஒரு முளையில் கம்பி கட்டி இழுத்தபடி ஓட்டுவார்கள். பனிக்குள் கிடக்கும் அந்தக் கம்பி சட்டென்று விறைத்து எழும்பும். இயந்திரம் வேலை செய்யும் சரிவுக்குள், அதுவும் இருட்டில், கால் வைக்கவே கூடாது. தண்டவாளப் பெட்டியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கோடையில் அதில் ஏறிப்போகிறவர்கள் மேல் நிலையத்திலிருந்து தாங்களாக வெளியேறி உச்சிக்கு நடக்க முடியாது. மேட்டுநிலத்தின் தாவரங்களும் பறவைகளும் மிதிபடாமலிருக்க, அது 2001இல் திறந்தபோதே வந்த நிபந்தனை. பழுதுக்காக ஆண்டுக்கணக்கில் மூடிக் கிடந்த வண்டியும்கூட. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

நியாயமில்லாமல் யாராவது வழியைப் பூட்டினாலோ மிரட்டினாலோ வாக்குவாதம் வேண்டாம். இடம், தேதி, ஒரு போட்டோ. அவற்றோடு, இந்த மலை அடங்கிய தேசியப் பூங்கா நிர்வாகத்தின் அணுகல் அதிகாரிக்கு எழுதுங்கள். தடையை அகற்றச் சொல்லி நோட்டீஸ் அனுப்ப நிர்வாகத்துக்கு அதிகாரம் உண்டு. அதற்கும் மேல் ஷெரிஃப் நீதிமன்றம். ஆனால் கண்ணுக்குத் தெரியும் இயற்கைப் பள்ளத்தில் விழுந்துவிட்டு நிலக்காரரிடம் நஷ்டஈடு கேட்டால் பெரும்பாலும் எடுபடாது. தெரிந்தே ஏற்ற ஆபத்து என்றுதான் சட்டம் பார்க்கும்.

நேரக் கணக்குக்கு 1892இல் நெய்ஸ்மித் என்ற மலையேறி சொன்ன விதி இன்றும் உதவும்: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. நேர்வழியில் ஏற ஒன்றரை மணிக்குக் கொஞ்சம் கூட. பழக்கமில்லாதவர்கள் இரட்டிப்பாக வைத்துக்கொள்ளலாம். டிசம்பரில் மூன்றரை மணிவாக்கில் சூரியன் மறைந்துவிடும். காகித வரைபடம், திசைகாட்டி, ஹெட் டார்ச், விசில், காற்று புகாத மேலாடை எல்லாம் பையில் இருக்கட்டும். குளிரில் போன் பேட்டரி சொல்லாமல் சாகும். பனிக்காலம் என்றால் ஐஸ் ஆக்ஸும் கிராம்பனும் (பூட்ஸின் அடியில் மாட்டும் முட்சட்டம்) இருந்தால் மட்டும் போதாது, பயன்படுத்தவும் தெரிய வேண்டும். மலை வானிலை அறிக்கையையும் பனிச்சரிவு எச்சரிக்கையையும் அன்று காலை பாருங்கள். ஊர் வானிலை இங்கே உதவாது.

சிக்கிக்கொண்டால் 999. முதலில் 'போலீஸ்' என்று கேட்டு, பிறகு 'மவுண்டன் ரெஸ்க்யூ' என்று சொல்லுங்கள். வருபவர்கள் தன்னார்வலர்கள், மீட்புக்குக் காசு கிடையாது. அவசர சிகிச்சைப் பிரிவும் இலவசம். ஆனால் சுற்றுலா விசாவில் வந்த அப்பா அம்மாவை வார்டில் சேர்க்க நேர்ந்தால் பில் வரலாம். அவர்களுக்கு இன்சூரன்ஸ் எடுங்கள், அதில் மலையேற்றம் சேருமா என்றும் பாருங்கள். பேசச் சிக்னல் இல்லாத இடத்தில் சில சமயம் குறுஞ்செய்தி போகும். அதற்கு 'ரெஜிஸ்டர்' என்ற ஆங்கிலச் சொல்லை 999க்கு அனுப்பி முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் நிமிடத்துக்கு ஆறு முறை விசில், ஒரு நிமிடம் நிறுத்தம், மறுபடி ஆறு.

எந்த வழியில் போகிறீர்கள், எத்தனை மணிக்குள் திரும்புவீர்கள் என்று அறைத் தோழர் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். இறங்கியதும் முதல் போன் அவருக்கு. நீங்கள் ஏவிமோரில் சூடாக சூப் குடித்துக்கொண்டிருக்கும்போது, உங்களைத் தேடி இருட்டில் ஆட்கள் மேலே ஏறிக்கொண்டிருக்கக் கூடாது.